மூன்று எண்ணும்வரை

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சின்னப் பொய்தான். பேஸ்ட்ரிக் கடையில், வாய் நிறைய பனீத்சாவை, அதாவது பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்குப் பணியாரத்தை, மென்றுகொண்டே, தலையை இடவலமாக ஆட்டிச் சொன்ன பொய். (இந்த நாட்டில் அப்படி ஆட்டினால் 'ஆமாம்'. நம்மவர்களுக்குப் பயிற்சியே தேவையில்லை.) என்ன பொய் என்று இப்போதே சொல்லிவிட்டால் எனக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இது நையாண்டிக் கதையாகத்தான் இருந்தது. எங்கள் கமென்ப்ரோத் ஊரின் அமெச்சூர் ரேடியோ சங்கத்தையும் அதன் தலைவர், ஓய்வுபெற்ற கர்னல் தோப்ரெவையும் கிழித்துத் தொங்கவிடுவது என்று உட்கார்ந்தேன். பதினொரு பேர் கொண்ட சங்கம். அதற்கு ஒரு கொடி, ஒரு கீதம், இரண்டு துணைத்தலைவர்கள். நையாண்டிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்று பக்கம் எழுதி நானே சிரித்தும் கொண்டேன். நாலாவது பக்கத்தில் வெலிச்கா வந்தாள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

(நேரில் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அறுபத்தோரு வயது. கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் அவன், அவள்தான். கர்னலுக்கு மட்டும் 'அவர்'. அது அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டது.)

2

தொடக்கங்கள்:

"வானலைகள் என்பவை மானுடத்தின் மௌனப் பெருமூச்சுகள்" – அடித்துவிட்டேன். கர்னல் பேசுவது மாதிரி இருக்கிறது.

"யாங்கோ இறந்த ஏழாவது வாரம், அவனுடைய டிரான்ஸ்மிட்டர் தானாகவே" – நிறுத்தினேன். 'தானாகவே' என்று முதல் வரியிலேயே எழுதினால் பேய்க்கதை என்று காலை மடக்கிச் சோபாவில் ஏறிக்கொள்வீர்கள். இதில் வருவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, நல்ல வெளிச்சத்தில் நடந்தவை.

"வெலிச்கா விரலைச் சுட்டுக்கொண்டாள்." – இது இருக்கட்டும். சின்ன வாக்கியம். இதில் பொய் ஒளிய இடம் இல்லை.

3

வெலிச்கா விரலைச் சுட்டுக்கொண்டாள். வலது கை ஆள்காட்டி விரல். டிரான்சிஸ்டர் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சோதனை மேசையில் இருந்தவளுக்கு அந்த விரல்தான் மீட்டர். சூடான டிரான்சிஸ்டரின் தலையில் விரலை வைத்து எண்ணுவாள். மூன்று எண்ணும்வரை தாங்கினால் அது பிழைக்கும். இரண்டிலேயே எடுத்தால் ஆபத்து. ஒன்றில் எடுத்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

அவள் ஒன்றில் எடுத்தாள்.

எதிரே இருந்தது அவள் தம்பி யாங்கோ தன் கையால் கட்டிய டிரான்ஸ்மிட்டர், அல்வா டப்பாவுக்குள் அடக்கமாக. (அல்வா என்றதும் உங்களுக்கு வருகிற சிரிப்பு எனக்கும் வந்தது. அடக்கிக்கொள்ளுங்கள், ஒரு சாவு வரப்போகிறது.) உள்ளே கடைசிப் படியில் ஒரு பெரிய டிரான்சிஸ்டர். தந்தி அடிக்கிற கட்டையான மோர்ஸ் சாவியை அழுத்தினால் அதற்கு வேலை. வேலை செய்தால் சூடு. அழுத்தாவிட்டால் வேலையும் இல்லை, சூடும் இருக்கக் கூடாது.

வெலிச்கா சாவியைத் தொட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

4

யாங்கோ அவளுக்கு இரண்டு வயது இளையவன். ரயில்வேயில் சிக்னல்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன். மலைச்சரிவில், கைபேசி எடுக்காத இடத்தில், தேன்கூட்டுப் பெட்டிகளோடு தனியாக இருந்தான். அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது. காரணம், அவன் இரவல் வாங்கிப்போன, ஈயம் பற்றவைக்கும் அவளுடைய சோல்டரிங் அயர்ன் முனை கருகித் திரும்பி வந்தது. (இதைவிட கௌரவமான காரணம் ஒன்றை அவனுக்குக் கற்பித்துப் பார்த்தேன். சொத்துத் தகராறு, பழைய காதல், அரசியல். எதுவும் ஒட்டவில்லை. அயர்ன்தான்.)

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து நாற்பதுக்கு யாங்கோ மலையிலிருந்து மோர்ஸில் அக்காவைக் கூப்பிடுவான். காற்றில் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும், அது இவர்களிடையே சட்டம். அவளும் பதில் சொல்வாள். வானிலை, தேனீக்கள், மதிப்பெண். முடிந்தது.

இந்த மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். எதிராளி அனுப்புவது எப்படிக் கேட்கிறது என்று மூன்று எண்ணில் சொல்வார்கள். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை, தொனிக்கு ஒன்பது வரை. முழு மதிப்பெண் ஐந்து-ஒன்பது-ஒன்பது. இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் முழு மதிப்பெண்தான் போடுவார்கள். இரைச்சலில் ஓர் எழுத்துகூடப் பிடிபடாவிட்டாலும் 'ஐந்து-ஒன்பது-ஒன்பது, எல்லாம் கிடைத்தது, நன்றி, வணக்கம்.' குறைத்துப் போட்டால் அவமானப்படுத்தியதாக அர்த்தம். பதினேழு வருடமாக எங்கள் சங்கத்தில் யாருக்கும் அதற்குக் கீழே விழுந்ததில்லை என்று கர்னல் ஆண்டறிக்கையில் தடித்த எழுத்தில் போடுகிறார்.*

* கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து 'சாப்பாடு எப்படி?' என்று கேட்கப்பட்ட எவருக்கும் இதைப் புரியவைக்கத் தேவையில்லை.

5

செப்டம்பர் கடைசி ஞாயிறு வெலிச்கா குளிர்காலத்துக்கு மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். பெரிய சிவப்பு மிளகாய், இருபது கிலோ. வீடெல்லாம் கருகிய தோலின் வாசனை. பத்து நாற்பதுக்கு ரேடியோவில் யாங்கோ வந்தான். ஒரு மாதமாகவே அவன் ஒலி சரியில்லை. தொண்டையில் கொசு போனது மாதிரி நடுங்கும், வழுக்கும். டிரான்சிஸ்டர் சுட்டால் அப்படித்தான் ஆகும். அன்று வழக்கத்தைவிட நீளமாக ஏதோ அனுப்பினான். மிளகாய் தீய்ந்தது. அவள் ஓடிப்போய்த் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள். அவன் நிறுத்தியிருந்தான், காத்திருந்தான்.

அவள் எண்ணெய்க் கையோடு சாவியை அழுத்தினாள். ஐந்து-ஒன்பது-ஒன்பது. எல்லாம் கிடைத்தது. நன்றி. வணக்கம்.

செவ்வாய்க்கிழமை வனக்காவலர் அவன் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உடைத்தார். யாங்கோ மேசைமேல் தலை சாய்த்திருந்தான். இதயம். ஞாயிறு மதியத்துக்குள் போயிருக்கும் என்றார் டாக்டர்.

இதற்கு மேல் இந்தப் பகுதியில் எழுத ஒரு வாக்கியம் இருந்தது. "அவன் கடைசியாகக் கேட்டது அக்காவின்

6

யாங்கோ போன நாற்பதாம் நாள், சங்கத்து அறையில் நினைவுக் கூட்டம், கிண்ணங்களில் சர்க்கரை தூவிய அவித்த கோதுமை. கர்னல் எழுந்தார். மூன்று தாள். நான் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். பசிக்கிறவன் இலையைப் பார்ப்பதுபோல அவர் வாயைப் பார்த்தேன்.

"அன்பர்களே! நம் யாங்கோவின் ஒலி இந்த மலைமுகடுகளின் மீது பதினேழு ஆண்டுகள் ஐந்து-ஒன்பது-ஒன்பதாக முழங்கியது! கடைசி மூச்சு வரை அதன் தூய்மை..."

"இல்ல" என்றாள் வெலிச்கா.

"என்னம்மா?"

"முழங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடைசி ஒரு மாசமா தெளிவு மூணு, தொனி நாலு. கிழிஞ்ச தகரம் மாதிரி இருந்துச்சு."

"வெலிச்காம்மா, போய்ச் சேந்தவரைப் பத்தி இந்த இடத்துல..."

"போய்ச் சேந்தவனுக்கு எதுக்குங்க மார்க்கு? உசுரோட இருக்கறப்ப ஒருத்தராச்சும் சொன்னீங்களா? 'டேய் யாங்கோ, உன் டப்பா சரியில்ல, இறக்கிக் கொண்டாடா, பாப்போம்'னு? பதினொரு பேரு இருக்கீங்க. கொடி இருக்கு. பாட்டு இருக்கு."

துணைத்தலைவர்களில் ஒருவர் கோதுமையை மிகக் கவனமாக மென்றார்.

கர்னல் தாள்களை மடித்தார். "நீ சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். நையாண்டி எழுதப் போனவனுக்கு அதைவிட ஏமாற்றம் கிடையாது. மனிதர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார்.

வெலிச்கா எழுந்து, மேசைமேல் படத்துக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்திருந்த அல்வா டப்பாவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

7

அடுத்த வாரம் அவள் சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

"என்னக்கா செய்றீங்க?"

"அறுத்துப் பாத்துட்டு இருக்கேன்."

"யாரை?"

"டப்பாவை. நீ யாரைன்னு நினைச்ச? எழுத்தாளன் புத்தி எங்க போகுது பாரு."

ஆன்டெனாவுக்குப் பதிலாக ஒரு தடித்த ரெசிஸ்டரை மாட்டியிருந்தாள். அனுப்புவது வீட்டைத் தாண்டாது. பக்கத்தில் அவளுடைய ரிசீவர், காதில் மாட்டும் ஹெட்போன். டப்பாவுக்குப் போகும் கம்பியில் மின்சாரம் அளக்கும் ஒரு முள் மீட்டர்.

"எதுக்குக்கா இந்தப் பாடு? இதைச் சரி பண்ணி யாரு பேசப் போறா?"

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "தெளிவு மூணுன்னா என்ன தெரியுமா? காது குடுத்துக் கேட்டா புரியும். ஒண்ணுன்னா கடவுளாலயும் முடியாது. அன்னிக்கு அவன் மூணா, ஒண்ணா? அதான் எனக்குத் தெரியணும். இது ரொம்ப முன்னாடியே வெந்து போயிருந்தா அன்னிக்கு அவன் அனுப்பினது யாருக்கும் வெளங்கியிருக்காது. எனக்கும்தான். அப்படின்னா நான்..."

"மூணா இருந்தா?"

"மூணா இருந்தா அவன் சொல்லியிருக்கான். நான் மொளகா சுட்டிருக்கேன்."

ஆக, இது பழுது பார்த்தல் இல்லை. விசாரணை. குற்றவாளிக் கூண்டில் ஒரு டிரான்சிஸ்டரும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இருவரில் ஒருவர்தான் தப்ப முடியும்.

முறையாகப் போனாள். டிரான்சிஸ்டருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த மைக்கா வில்லை நன்றாக இருந்தது. சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. புதிதாகத் தடவினாள். ஒரு வாரம் குளிர்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு பத்து நாற்பதுக்கு மறுபடி சூடு. சில சமயம் சுற்று தனக்குத் தானே உளற ஆரம்பிக்கும், யாரும் அழுத்தாமலே அலை எழுப்பும். அதை அடக்க டிரான்சிஸ்டரின் கம்பிக்கால் ஒன்றில் ஒரு கருப்பு மணியைக் கோத்தாள். ஒரு வாரம் அடங்கியது. ஞாயிறு, பத்து நாற்பது, சூடு.

டிரான்சிஸ்டரைக் கழற்றித் துடைத்துப் பார்த்தபோது ஓரத்தில் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி.

"இது என்னோடது" என்றாள்.

"என்ன உங்களோடது?"

"புள்ளி. தேறினதுக்குப் பச்சை வெப்பேன். கொஞ்சம் கோணலா விழும், பாரு, என் கை." நகத்தால் புள்ளியைச் சுரண்டிப் பார்த்தாள். "மாசக் கடைசியில டார்கெட் முடிக்கணும்னு சோதிக்காமயே புள்ளி வெச்ச நாளும் உண்டு. இது எந்தப் புள்ளின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

8

இங்கே நான் என் கதாபாத்திரத்தை நம்புவதை நிறுத்தினேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அவள் வைத்த புள்ளி, தம்பி டப்பாவில், அதுவும் அந்தக் கடைசிப் படியில்? ஒரு மலிவான எழுத்தாளன்தான் இப்படிக் கோப்பான். நான் மலிவானவன்தான். ஆனால் இதைக் கோத்தது நான் இல்லை. அந்தத் தொழிற்சாலை மூடியபோது ஊரில் எல்லோருடைய அலமாரியிலும் அதன் டிரான்சிஸ்டர்கள்தான் இருந்தன. அவற்றில் பாதியில் அவள் புள்ளி இருக்கும். எனவே நம்பலாம்.

அடுத்து வருவதை நம்புவது உங்கள் பாடு.

டிசம்பர் முதல் ஞாயிறு அவள் தீர்ப்புக்கான சோதனையைச் செய்தாள். ஹெட்போனை மாட்டி, சாவியை அழுத்திப் பிடித்து டிரான்சிஸ்டரை வேண்டுமென்றே கொதிக்கவிட்டாள், அன்று யாங்கோவிடம் இருந்த அளவுக்கு. பிறகு ஏதோ நாலு சொல் அனுப்பி, தானே கேட்டாள். ஒலி நடுங்கியது. வழுக்கியது. தழுதழுத்தது.

ஆனால் புரிந்தது.

"மூணு" என்றாள். என்னிடம் இல்லை. ஹெட்போனைக் கழற்றவில்லை. மோர்ஸ் சாவியின் கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கி மேசைமேல் போட்டாள். கையைத் துணியில் துடைத்தாள். நான் மீட்டரைப் பார்த்தேன். அங்கே பார்த்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

மீட்டரின் முள் எழுந்தது. விழுந்தது. எழுந்து நின்றது. விழுந்தது.

"அக்கா, கம்பியைத்தான் பிடுங்கிட்டீங்களே?"

அவள் கையை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் நிறுத்தினாள். நீளம். சின்னது. சின்னது. நீளம். ஒவ்வொருவருக்கும் சாவி அழுத்துகிற கை தனி, கையெழுத்து மாதிரி. முப்பது வருடம் சிக்னல் கம்பத்தை இழுத்த யாங்கோவின் கை, கடைசி நீளத்தை மட்டும் கொஞ்சம் இழுத்துவிடும், ரயில் போய் முடியட்டும் என்பது போல. இது நான் அவள் சொல்லக் கேட்டது. எனக்கு மோர்ஸ் படிக்க வராது; அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், முள் சில இடங்களில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது என்பதுதான்.

நாலு நிமிடம். ரேடியேட்டர்கூடச் சத்தம் போடவில்லை. பிறகு முள் விழுந்து அப்படியே கிடந்தது, பதிலுக்குக் காத்திருப்பது போல.*

அவள் சாவியை எடுக்கவில்லை. திருப்புளியை எடுத்தாள். டிரான்சிஸ்டரைக் கழற்றி ஒரு காபித் தட்டில் வைத்தாள்.

 * முள் மூலையில் கிடப்பதற்கும் காத்திருப்பதற்கும் பார்வைக்கு வித்தியாசம் இல்லை. இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து இரண்டு முறை திரும்ப எழுதியிருக்கிறேன்.

9

மறுநாள் பேஸ்ட்ரிக் கடை. அவளுக்கு காபி, எனக்கு பனீத்சா. ஹெட்போனில் காதுக்கு என்ன வந்தது என்று அவளாகவே சொன்னாள். முதலில் சாதாரணக் குரலில், பிறகு மேசைத்துணியின் ஓரத்தை மடித்து மடித்து. செப்டம்பரில் யாங்கோ அனுப்பியதைத்தான் முள் அனுப்பியது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவும் இல்லை.

10

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) உள்ளே ஓர் ஈயப் பற்று விட்டுப்போயிருக்கிறது. சூடானால் விரிந்து விலகும், ஆறினால் ஒட்டும். முள் ஆடியது அதனால்தான். தன் பழைய அயர்னை எடுத்து, கருகிய முனையைச் சுரண்டி, அந்தப் பற்றை மறுபடி வைக்கிறாள். முள் அடங்குகிறது. நாலு நிமிடம் அவள் கேட்டது வெறும் தகரத்தின் மூச்சு. நல்ல முடிவு. கர்னலுக்குப் பிடிக்கும்.

(ஆ) யாங்கோ சொன்னதை அப்படியே எழுதுவது. 'நெஞ்சு வலிக்குது, யாரையாச்சும் அனுப்புக்கா' என்று எழுதினேன். தூக்கி எறிந்தேன். 'புது அயர்ன் வாங்கி வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோ' என்று எழுதினேன். கண் கலங்கியது. கலங்கியதாலேயே எறிந்தேன். 'சாயங்காலம் மழை வரும், மொளகாயை உள்ள எடுத்து வை' என்று எழுதினேன். இது மூன்றிலும் மோசம், ஏனென்றால் உண்மைபோலவே இருக்கிறது.

(இ) அன்று அவள் சாவியை எடுத்து, செப்டம்பரில் அனுப்பியிருக்க வேண்டியதை அனுப்புகிறாள்: 'கிடைக்கவில்லை. மறுபடி சொல்.' மோர்ஸில் நாலைந்து எழுத்துதான். பதினேழு வருடமாக இந்த ஊரில் யாரும் அதை அனுப்பியதில்லை.

மூன்றும் என் கைச்சரக்கு. உண்மையான முடிவை அவள் சொல்லிவிட்டாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

11

இப்போது அந்தப் பொய்.

வெலிச்கா மேசைத்துணியை மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இந்தக் கதையின் முதல் வரி தோன்றியது. 'வெலிச்கா விரலைச் சுட்டுக்கொண்டாள்.' என்ன வரி! அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து எந்த வரி, எந்த இடத்தில் கர்னல், எங்கே மிளகாய். அவள் உதடு அசைந்தது. நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் நிறுத்தியிருந்தாள். காத்திருந்தாள்.

"புரிஞ்சுதா?" என்றாள்.

நான் தலையை இடவலமாக ஆட்டினேன். "முழுசாப் புரிஞ்சுதுக்கா."

அவள் முகம் தளர்ந்தது. அப்படி ஒரு நிம்மதியை நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினாள். உள்ளே பஞ்சில் வைத்த டிரான்சிஸ்டர்.

"இது உன்கிட்ட இருக்கட்டும். கேட்டவன் நீதானே."

தொட்டுப் பார்த்தேன். "சூடா இருக்கேக்கா?"

"சன்னல்ல வெச்சிருந்தேன், வெயில் பட்டிருக்கும். போ."*

ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு போன் செய்கிறாள். "எழுதிட்டியா? அவன் சொன்னதைச் சரியாப் போட்டியா?" நான் சொல்கிறேன்: "நல்லா வந்திருக்குக்கா. எல்லாம் இருக்கு." 'அக்கா, எனக்குக் கிடைக்கல, மறுபடி சொல்லுங்க' என்று சொன்னால் போதும். சொன்னால், அவள் தம்பி சொன்னதை இரண்டாம் தடவையும் யாரும் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு கிடையாது. படித்து முடித்ததும் வழக்கம்போல 'அருமை' என்று சொல்லிவிடாதீர்கள். நம் பக்கத்து ஐந்து-ஒன்பது-ஒன்பது அது. என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை, அதை மட்டும் சொல்லுங்கள்.

இன்று ஞாயிறு. மணி பத்து முப்பத்தொன்பது. வலது பக்கம் போன். இடது பக்கம் காபித் தட்டில் டிரான்சிஸ்டர், டப்பா இல்லாமல், கம்பி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், பச்சைப் புள்ளி மேலே தெரிய. அதன் தலையில் விரலை வைக்கிறேன். என்னால் எண்ணிக்கொண்டே கேட்கவும் முடியாது, அதுதான் என் கோளாறு என்று பார்த்துவிட்டோமே.

நீங்கள் எண்ணுங்கள்.

* அவள் சமையலறைச் சன்னல் வடக்குப் பார்த்தது. டிசம்பரில் அங்கே வெயில் வராது. நேற்றுதான் போய்ப் பார்த்தேன்.